கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் கடை: முதல்முறை போடுபவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். சித்திரை பிறந்ததும் ரோட்டோரம் ஒரு மாம்பழக் கடை போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். தராசுக்கு அரசு முத்திரை இல்லை, உணவுப் பதிவு இல்லை, இடத்துக்காரரிடம் எழுதி வாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓடி முடிப்பதற்குள் செந்தூரா முடிந்து, பங்கனப்பள்ளியும் பாதி போய்விட்டது. மூன்று மாத சீசனில் ஐந்து வாரம் போனால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கடை திறந்த பிறகு விற்பனையில் நான் தடுமாறவே இல்லை. அந்த வேலையை 1998 கோடை விடுமுறையிலேயே கற்றிருந்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. மத்தூர் பக்கம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், புளியமரத்தடியில் சாக்கு விரித்து, ஆயா (பாட்டி) கொடுத்த ஐம்பது ரூபாயை முதலாக வைத்து இரண்டு மாதம் மாங்காயும் மாம்பழமும் விற்றோம். விற்கிறதைப் பற்றி இன்றைக்கு எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான். காகித வேலையை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன், நீங்களாவது சீசன் முதல் நாளே கடையில் இருங்கள்.

1. தை மாதமே தொடங்குங்கள்

நம் பக்கம் ஏப்ரலில் செந்தூரா வரும். மே மாதம் பங்கனப்பள்ளி, அல்போன்சா. அப்புறம் மல்கோவா, பெங்களூரா, கடைசியில் நீலம். ஜூலையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே காகித வேலையைத் தை, மாசியில் முடித்து, பங்குனியில் கொட்டகை போட்டு, காய் வரும்போது கை காலியாக இருக்க வேண்டும். ஏப்ரலில் போய் விண்ணப்பம் கொடுத்தால் நான் பட்டதைத்தான் நீங்களும் படுவீர்கள்.

2. இடம்: அது யாருடைய மண்?

கிருஷ்ணகிரியில் 44ஆம் எண், 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன, திண்டிவனம் போகிற சாலையும் இங்கிருந்துதான் பிரிகிறது. வண்டிக்குக் குறைவில்லை. அதனாலேயே எல்லோரும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே சாக்கு விரிக்கப் பார்க்கிறார்கள். அந்த ஓரம் நெடுஞ்சாலைத் துறையின் இடம். எந்த நாளும் அகற்றச் சொல்லலாம், அகற்றினால் கேட்க உங்களிடம் எதுவும் இருக்காது. வேகமாக வருகிற வண்டி திடீரென்று ஓரம் கட்டும்போது நடக்கிற விபத்தையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

நெடுஞ்சாலைக்கு உள்வாங்கிய பட்டா நிலமாகப் பாருங்கள், ஊருக்குள் திரும்புகிற சாலை முக்கில் கிடைத்தால் இன்னும் நல்லது. வண்டி நிறுத்த இடம், ஒரு மரத்தடி நிழல், பக்கத்தில் தண்ணீர், இந்த மூன்றும் இருந்தால் போதும். நிலத்துக்காரர் மாமனோ சித்தப்பாவோ யாராக இருந்தாலும் சர்வே எண், எத்தனை மாதம், வாடகை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பட்டா நகல் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாய்ப்பேச்சாகத்தான் இடம் கிடைத்தது. கொட்டகை போட்ட மறுவாரம் நிலத்துக்காரரின் அண்ணன் வந்து பங்கு பாகம் பிரியவில்லை என்றார். கொட்டகையைப் பிரித்து வேறு இடத்தில் போட ஒரு வாரமும் கூலியும் போயின.

நகராட்சிக்குள் தள்ளுவண்டியோ நடைபாதைக் கடையோ போடுவதாக இருந்தால் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் வேண்டும். நகர விற்பனைக் குழு வழியாக நகராட்சி கொடுக்கும், 14 வயது முடிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இருந்தால் தெருவோர வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி கடனுக்கும் போகலாம். பிணை இல்லாமல் முதல் தவணை 15,000 ரூபாய், அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, அதையும் கட்டினால் 50,000.

வாரச்சந்தையில் விற்பவர்களுக்குச் சுங்கம் உண்டு. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி பெரிய சந்தைக்குப் போனால் விடிவதற்கு முன் போய் இடம் பிடிக்க வேண்டும். சுங்கம் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்தால் ஒரே நாளில் இரண்டாவது ஆள் வந்து கேட்பார், எனக்கு நடந்தது.

சொந்தத் தோட்டம் வைத்திருந்தால் உங்கள் வழியே வேறு. உழவர் சந்தைக்குப் போங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி மூன்றிலும் இருக்கிறது. சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, குடும்ப அட்டை நகல், போட்டோ கொடுத்தால் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அடையாள அட்டை தருவார்கள். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கொடுப்பார்கள். வாங்கி விற்பவர்களுக்கு அங்கே இடமில்லை.

3. காகிதங்கள்

முதலில் உணவுப் பாதுகாப்புப் பதிவு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பழக்கடை, தள்ளுவண்டி உட்படச் சிறு வியாபாரிகளுக்கும் இது வேண்டும். தான் விளைவித்ததை விற்கிற விவசாயியைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது, மண்டியில் வாங்கி விற்கிற நமக்கு விலக்கு இல்லை. ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு போட்டோ, ஆதார் மாதிரி ஓர் அடையாள அட்டை, கடை முகவரி, இவ்வளவுதான். நான் எடுத்தபோது சிறு வியாபாரப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். ஒரு வாரத்தில் வந்துவிடலாம், அதிகாரி நேரில் பார்க்க வேண்டும் என்று சொன்னால் ஒரு மாதம் வரை இழுக்கும். வந்த சான்றிதழை அச்செடுத்துக் கடையில் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

இதில் பொறி எங்கே இருக்கிறது என்றால், தேடினால் முதலில் வருகிற இணையதளங்கள் பலவும் தனியாருடையவை. அரசு தளம் மாதிரியே இருக்கும், சின்னம்கூட அப்படியே தெரியும். அப்படி ஒன்றில் 1,800 ரூபாய் கட்டிவிட்டுப் பதினைந்து நாள் காத்திருந்தேன். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்க்கத் தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் போய் உட்காருங்கள், கூடுதலாக நூறு இருநூறு ஆகும், ஏமாற மாட்டீர்கள்.

அடுத்தது உத்யம் பதிவு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரை மணி நேரம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. இதற்கும் காசு கேட்கிற தளங்கள் உண்டு, அதே எச்சரிக்கை. 2021 ஜூலையிலிருந்து சில்லறை வியாபாரிகளும் இதில் பதியலாம், ஆனால் நமக்கு அதனால் கிடைப்பது வங்கியில் முன்னுரிமைக் கடன் என்ற ஒன்றுதான். வங்கிக் கடனே வேண்டாம் என்றால் இதைத் தள்ளிப்போடலாம். கடன் வேண்டும் என்றால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை பிணை இல்லாமல் கேட்கலாம். மாசியில் கேட்டால்தான் பங்குனியில் கைக்கு வரும்.

ஜிஎஸ்டி வேண்டுமா என்று பயப்படாதீர்கள். புதுப் பழத்துக்கு வரி கிடையாது, அதை மட்டும் விற்பவர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. யாராவது வந்து எடுத்தே ஆக வேண்டும் என்று பயமுறுத்தினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

4. தராசு

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஐந்து வாரத்தில் மூன்று வாரம் எனக்கு இதில்தான் போனது.

இணையத்தில் 1,100 ரூபாய்க்கு ஓர் எலெக்ட்ரானிக் தராசு வாங்கினேன். எடை சரியாகவே காட்டியது. முத்திரை வைக்க எடுத்துப் போனபோதுதான் அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல என்று இருந்ததைக் காட்டினார்கள். அப்படிப்பட்டதற்கு முத்திரை வைக்கவே முடியாது. அதை வீட்டில் மாவு நிறுக்க வைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற தராசு வியாபாரியிடம் 30 கிலோ மேசைத் தராசு 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போதே மாதிரி ஒப்புதல் எண் (அந்த வகைத் தராசை அரசு ஏற்றதற்கான எண்) தகட்டில் இருக்கிறதா, முத்திரை வைத்துச் சான்றிதழோடு தருவீர்களா என்று கேளுங்கள். அவர்களே செய்து கொடுத்துவிட்டால் உங்களுக்கு அலைச்சல் இல்லை.

நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அங்கே முத்திரை ஆய்வாளர் இருப்பார். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை மறுமுத்திரை வைக்க வேண்டும். சீசன் கடைக்காரர்கள் மறப்பது இங்கேதான். போன மே மாதம் வைத்த முத்திரை இந்த மே மாதம் நடு சீசனில் காலாவதியாகும். முதல் வருடமே பிப்ரவரியில் வைத்துவிட்டால் ஒவ்வொரு வருடமும் கடை திறப்பதற்கு முன்னே முடிந்துவிடும்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சின்ன வயதில் எங்களிடம் தராசே கிடையாது, கூறு கட்டித்தான் விற்றோம், ஐந்து காய் ஒரு கூறு. ஒருநாள் தம்பி ஒரு கூறில் நாலு வைத்துவிட்டான். வாங்கிப்போன அம்மா அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, திட்டவில்லை, "கண்ணு, எண்ணிப் பார்த்து வை" என்று மட்டும் சொல்லி ஒரு காயை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு காய்க்காக அவர் பத்து கிலோமீட்டர் திரும்பி வரவில்லை, வேறு வேலையாக வந்தவர்தான், ஆனாலும் எனக்கு அன்றைக்கு முழுக்க முகம் சுண்டிக் கிடந்தது. தராசின் எண் வாங்குபவர் பக்கமும் தெரிகிற மாதிரி திருப்பி வையுங்கள். தட்டை வைத்துப் பூஜ்யமாக்குவதை அவர் பார்க்கும்படி செய்யுங்கள்.

5. கையில் எவ்வளவு பணம் வேண்டும்

எனக்கு ஆனதை அப்படியே எழுதுகிறேன். தராசு 4,200. உணவுப் பதிவு 100. கீற்றுக் கொட்டகை கூலியோடு 6,500. பழைய பிளாஸ்டிக் கிரேட் இருபது, ஒன்று 150 என்று 3,000. பெயர்ப் பலகை 1,200. முதல் மாத இட வாடகை 2,000. முதல் லோடு 300 கிலோ, சராசரி 40 ரூபாய் என்று 12,000. மொத்தம் 29,000 ரூபாய். இதற்கு மேல் ஐந்தாயிரமாவது கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவது லோடு வாங்கும் நாளில் முதல் லோடின் பணம் முழுவதும் திரும்பியிருக்காது. ஏமாந்த 1,800, வீணான 1,100, கொட்டகையை மாற்றிய கூலி இவற்றை நான் இதில் சேர்க்கவில்லை, அவை உங்களுக்கு ஆகக்கூடாது.

கியூஆர் அட்டை வையுங்கள். யுபிஐ வாங்க வியாபாரிக்குக் கட்டணம் இல்லை. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற பெட்டிக்கு மட்டும் மாத வாடகை பிடிப்பார்கள், சீசன் முடிந்ததும் திருப்பிக் கொடுக்காவிட்டால் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். வாங்கும்போதே எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. காய் வாங்குவதும் பழுக்க வைப்பதும்

மண்டியில் காலையில் போய் வாங்குங்கள், முதல் வாரம் வாங்காமல் வெறுமனே நின்று பாருங்கள். காம்புப் பக்கம் தோள் எழும்பி நிறைந்திருந்தால் முற்றிய காய். தோள் சரிந்து ஒல்லியாக இருந்தால் பிஞ்சு, அது பழுக்காது, சுருங்கும். காம்பு ஒட்டப் பறித்த காயில் பால் வழிந்து தோல் கறுத்திருக்கும், பழுக்கும்போது அந்த இடம்தான் முதலில் அழுகும். கொஞ்சம் காம்பு விட்டுப் பறித்ததாகப் பார்த்து எடுங்கள். கிரேட்டின் மேல் வரிசையைப் பார்த்து விலை பேசாதீர்கள், ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற சரக்கு. ஆலைக்காரர்கள் எடுக்காத நாளில் மண்டியில் விலை தரைக்கு வந்துவிடும், புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து ஆசைப்பட்டு அள்ளிவிடுவார்கள். சாப்பிட வாங்குபவர்கள் அதிகம் கேட்பது அதுவல்ல. காயாகப் பத்தை போட்டு விற்க மட்டும் கொஞ்சம் வாங்குங்கள்.

கார்பைடு கல் பக்கம் போகவே போகாதீர்கள். நாடு முழுக்கத் தடை, அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும், அந்தப் பழத்தைச் சாப்பிடுவது நம் ஊர்ப் பிள்ளைகள். எத்திலீன் வாயு வைத்துப் பழுக்க வைக்க அனுமதி உண்டு, அதற்குத் தனி அறை வேண்டும். நமக்கு வைக்கோல் போதும். கிரேட்டில் வைக்கோல் ஒரு படுகை, காய் ஒரு வரிசை என்று அடுக்கி, காற்றுப் புகாத அறையில் அல்லாமல் நிழலான அறையில் வையுங்கள். வெயிலைப் பொறுத்து ஐந்திலிருந்து ஏழு நாளில் திரும்பும். தினமும் திறந்து பார்த்து அழுகல் ஒன்று இருந்தாலும் எடுத்துவிட வேண்டும், ஒன்று கெட்டால் கூட இருப்பதெல்லாம் கெடும்.

எவ்வளவு கழியும் என்று தெரியாமல் விலை வைக்காதீர்கள். எனக்கு நூறு கிலோவில் 12 கிலோ போனது. நூறு கிலோ 4,000 ரூபாய், வண்டி வாடகை 300, ஆக 4,300. விற்கக் கிடைப்பது 88 கிலோ. அடக்கமே கிலோ 49 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நாற்பதுக்கு வாங்கி நாற்பத்தைந்துக்கு விற்றால் லாபம் என்று நினைத்து முதல் இரண்டு நாள் விற்றேன். அது நஷ்டம்.

7. பிரித்து வையுங்கள்

புளியமரத்தடியில் முதல் நாள் நாங்கள் செய்தது இதுதான். அடிபட்டதையும் சின்னதையும் கீழே போட்டு, நல்லதை மேலே அடுக்கினோம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, பார்த்த கடைகளில் எல்லாம் அப்படி இருந்தது. கூறு எடுக்கும்போது எல்லோருக்கும் கீழே இருந்து இரண்டு சேர்த்தேன். மறுநாள் எங்கள் கணக்கு டீச்சர் வந்து, பையிலிருந்து இரண்டு அழுகல் காயைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். பணம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காமல் போனதால் அன்றைக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் கொட்டி மூன்றாகப் பிரித்தேன்.

பெரியதும் தழும்பில்லாததும் ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், அடிபட்டது தனியாக. மூன்றுக்கும் மூன்று விலை. நான் பயந்த மாதிரி அடிபட்டது தேங்கவில்லை, அதுதான் முதலில் தீர்ந்தது. ஜூஸ் போட, ஊறுகாய்க்கு, நிறையப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு என்று அதைக் கேட்டு வாங்கினார்கள்.

இன்றைக்கும் அப்படியே செய்கிறேன். மேலே சொன்ன 88 கிலோவை ஒரே விலையாக 60 வைத்தால் 5,280. பிரித்து, முதல் தரம் 50 கிலோ 70 ரூபாய்க்கும், நடுத்தரம் 28 கிலோ 55க்கும், அடிபட்டது 10 கிலோ 30க்கும் விற்றால் 5,340. கூடுதல் அறுபது ரூபாய்தானே என்று தோன்றும். ஒரே குவியலாக வைத்தால் வருகிற ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் புரட்டிப் பொறுக்குவார்கள், புரட்டப் புரட்டப் பழம் அடிபடும், சாயங்காலம் மிஞ்சுவது யாரும் எடுக்காத குவியல். பிரித்து வைத்தால் புரட்ட வேலையே இல்லை, அன்றைய சரக்கு அன்றைக்கே போகும்.

8. "என்னிக்குச் சாப்பிடப் போறீங்க?"

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ் இரண்டு நிமிடம்கூட நிற்காது. ஜன்னல் வழியாகக் கை நீட்டுகிறவருக்குப் பழத்தைக் கொடுத்துக் காசு வாங்கிச் சில்லறை தர வேண்டும். முதல் வாரம் நான் எல்லோருக்கும் கனிந்த பழத்தைக் கொடுத்தேன், அதுதான் வாசனை அடிக்கும், உடனே விற்கும். திருவண்ணாமலைக்குப் போகிற ஒரு பெரியவர் இரண்டாம் முறை வந்தபோது சொன்னார், "பாப்பா, நீ குடுத்தது ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பையில கூழாயிடுச்சு. பேரப்பிள்ளைக்கு நாளன்னிக்குத்தான் குடுப்பேன்." அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் என்றைக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டேன். இன்றைக்கு என்றால் கனிந்தது. நாளை மறுநாள் என்றால் காம்பில் மட்டும் மஞ்சள் திரும்பியது. ஊருக்கு எடுத்துப் போகிறோம் என்றால் கெட்டிக் காய், கூடவே எப்படி வைக்கோலில் வைக்க வேண்டும் என்று ஒரு வரி.

அந்தக் கேள்விக்கு வேறு ஒரு பலனும் இருக்கிறது. விலையைக் கேட்டு வந்தவர் பேரனைப் பற்றி, விருந்தாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்கு ரெண்டு, ஞாயித்துக்கிழமைக்கு நாலு" என்று அவரே அதிகம் வாங்குவார். நீங்கள் எதையும் தலையில் கட்டவில்லை. பழம் சொன்ன நாளில் சரியாகப் பழுத்திருந்தால் அடுத்த வாரம் அவர் உங்கள் கடைக்குத்தான் வருவார், பக்கத்துக் கடையில் ஐந்து ரூபாய் குறைவாக இருந்தாலும்.

கர்நாடக வண்டிகள் நிறைய வரும். எஷ்டு என்று கேட்டால் விலை கேட்கிறார்கள் என்று தெரிந்தால் போதாது, ஒன்றிலிருந்து நூறு வரை கன்னடத்தில் எண்ணச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஓசூர் பக்கம், பர்கூர் பக்கம் தெலுங்கும் வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அவ்வாவிடம் தெலுங்கு எண்களை நான் ஒரே வாரத்தில் கற்றேன், இன்றைக்கும் அதுதான் கைகொடுக்கிறது.

9. பேரம், கொசுறு, கடன்

போணி ஆகும் முன் பேரம் பேசுபவரிடம் முகம் சுளிக்காதீர்கள், அதே நேரம் விலையைக் குறைக்கவும் குறைக்காதீர்கள். ஒருவருக்குக் குறைத்தால் பக்கத்தில் நிற்கிறவர் கேட்டுக்கொண்டிருப்பார். விலையை அப்படியே வைத்துக் கொசுறாக ஒரு சின்னப் பழம் போடுங்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைப்பதைவிட ஒரு சின்ன செந்தூரா உங்களுக்கு மலிவு, அவருக்கும் மனசு நிறையும். கொசுறுக்கென்றே சின்னப் பழங்களை ஒரு தனிக் கூடையில் போட்டு வையுங்கள். சொந்தக்காரர்கள் வந்தாலும் அந்தக் கூடைதான். தினமும் இவ்வளவு என்று முன்னமே அளந்து வைத்தால் யாரிடமும் மனவருத்தம் வராது.

கடன் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஊரில் அது நடக்காது. பெயர், தொகை, தேதி மூன்றையும் வாங்குபவர் கண் முன்னால் நோட்டில் எழுதுங்கள். எழுதுவதைப் பார்த்தவர் பெரும்பாலும் கொடுத்துவிடுவார். ஒருவருக்கு ஒரு கடன்தான், அது தீர்ந்தால்தான் அடுத்தது.

பிளாஸ்டிக் பை கொடுக்காதீர்கள், 2019 ஜனவரியிலிருந்து மாநிலத்தில் தடை. காகிதப் பை, துணிப் பை வைத்துக்கொள்ளுங்கள். மாங்காய்ப் பத்தையில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தருவதை நாங்கள் பழைய நோட்டுத் தாளில் மடித்துக் கொடுத்தோம், தாளில் உள்ள மை உணவில் ஒட்டும் என்பது அப்போது தெரியாது. இப்போது மந்தாரை இலையில் கொடுக்கிறேன்.

10. இரண்டு டப்பா

நாலாம் நாள் எங்கள் கையில் 86 ரூபாய் இருந்தது. எல்லாம் லாபம் என்று நினைத்து மத்தூரில் போய் ஐஸும் பரோட்டாவும் சாப்பிட்டுத் தம்பிக்குச் செருப்பும் வாங்கினோம். மறுநாள் காலை தோட்டத்தில் காய் வாங்கப் பணம் இல்லை. ஆயா மறுபடி ஐம்பது ரூபாய் கொடுத்தார், கூடவே இரண்டு பால்பவுடர் டப்பாவும். ஒன்றில் முதல், ஒன்றில் லாபம். அன்றன்றைக்குச் சாயங்காலம் முதல் டப்பா நிறைந்த பிறகுதான் லாப டப்பாவில் ஒரு காசு விழ வேண்டும்.

இப்போது அது இரண்டு வங்கிக் கணக்கு. கியூஆரில் வருவது முதல் கணக்குக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை இரவு கணக்குப் பார்த்து லாபத்தை மட்டும் மற்றதுக்கு மாற்றுகிறேன்.

11. பிள்ளைகள் கடையில் உட்கார்ந்தால்

என் கதையைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளையை உட்கார வைக்க ஆசை வரலாம். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில், சொந்தக் குடும்பத்தின் தொழிலில் உதவி செய்யலாம், ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டம் இவ்வளவுதான் அனுமதிக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூலிக்கு வைப்பது குற்றம். 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சொந்தப் பிள்ளை என்றாலும் நெடுஞ்சாலைப் பக்கம் தனியாக விடாதீர்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் புளியமரத்துக்கு எதிரே ஆயா வீட்டுத் திண்ணை, அவர் கண் எங்கள் மேலேயே இருக்கும்.

சில்லறை கொடுப்பதையும் கூறு எண்ணுவதையும் பிள்ளையிடம் விடுங்கள். தவறினால் வாங்குபவர் முன்னால் திட்டாதீர்கள்.

12. ஆடி பிறக்கும் முன்

நீலம் வரத்து குறைந்ததும் கடையை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். கடைசி இரண்டு வாரத்தில் சம்பாதித்ததை விடக் கழிவில் போனது எனக்கு அதிகம். ஆவணி வாக்கில் சீத்தாப்பழம் வரும், அதே இடத்தில் தொடர்வதாக இருந்தால் நிலத்துக்காரரிடம் இப்போதே தேதி நீட்டித்து எழுதி வாங்குங்கள். இல்லை என்றால் கீற்றைப் பிரித்து மூங்கிலை மட்டும் வீட்டுக்கு எடுத்துவிடுங்கள், மழையில் நின்றால் அடுத்த வருடம் உதவாது. சத்தப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். தராசின் சான்றிதழில் உள்ள தேதியையும், உணவுப் பதிவில் முடியும் தேதி போட்டிருந்தால் அதையும் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். மண்டிக்காரரிடம் இருந்து வந்த கிரேட்டுகள் உங்களுடையவற்றோடு கலந்திருக்கும், எண்ணிப் பிரித்துக் கொடுத்துவிட்டு அவற்றுக்குக் கட்டிய முன்பணத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சித்திரையில் போய்க் கேட்டால் நோட்டில் இருக்காது.